வண்டிக்கு ஏற்ற ஒயில் எது?

ஒரு காலத்தில் தோட்டத்து வண்டி என்றால் துரையின் ஜீப், கொழுந்து லொறி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று அப்படியில்லை. லயத்து வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. டிவிஷனுக்கு இரண்டு மூன்று த்ரீவீலராவது ஓடுகிறது. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவதும், மரக்கறி மூட்டையை டவுனுக்கு ஏற்றுவதும், நடு இரவில் வருத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இந்த வண்டிகள்தான். பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிவதும் இவற்றால்தான்.

நாம் கடமை பார்க்கும் தோட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மேல் டிவிஷனில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இரவு பத்து மணிக்கு வலி எடுத்தது. பக்கத்து லயத்துத் தம்பி உடனே த்ரீவீலரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பாதி வழியில், ஏற்றத்தில், எஞ்சின் ஒரு சத்தம் போட்டு அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு முயற்சித்தும் அசையவில்லை. மழை வேறு. நல்ல காலம், மரக்கறி ஏற்றிய லொறியொன்று அந்த வழியே வந்தது. தாயும் பிள்ளையும் இன்று சுகமாக இருக்கிறார்கள்.

மறுநாள் கராஜில் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே ஒயில் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தார் போல ஒரு கசடுதான் அடியில் ஒட்டியிருந்தது. பிஸ்டன் இறுகிப் பிடித்துவிட்டது.

"கடைசியா எப்ப தம்பி ஒயில் மாத்தினீங்க?" என்று கேட்டோம்.

"மாத்தல்லங்க ஐயா. கொறஞ்சா ஊத்துவேன். கடையில என்ன இருக்கோ அதத்தான் ஊத்துறது. எல்லாம் ஒயில்தானே?"

அந்த எஞ்சினைச் சரி பண்ண அவருடைய மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. வண்டி ஓடாத அந்த மாதத்திலும் லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. அந்தத் தம்பி குடிப்பவரோ சோம்பேறியோ அல்ல. நல்ல உழைப்பாளி. அவருக்கு இந்த விஷயத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவேதான் இம்முறை இந்தப் பக்கத்தில் ஒயிலைப் பற்றி எழுதுகிறோம்.

ஒயில் செய்யும் வேலை

எஞ்சினுக்குள்ளே இரும்பும் இரும்பும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசுகின்றன. அவற்றுக்கு இடையில் மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைப்பது ஒயிலின் முதல் வேலை. அதோடு சூட்டை எடுத்துச் செல்கிறது. கரியையும் தூசியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு உள்பாகங்களைச் சுத்தமாக வைக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்து எஞ்சினின் இழுவை குறையாமல் காக்கிறது. துரு பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

ஒயில் கறுத்துவிட்டால் 'கள்ள ஒயில்' என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. கரியைத் தன்னோடு எடுத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. கறுப்பு என்பது வேலை செய்ததற்கு அடையாளம். ஆனால் எவ்வளவு கரியைத் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு தாண்டுவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

கேனில் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்கள்

ஒயில் கேனைக் கையில் எடுத்தால் படமும் நிறமும்தான் முதலில் கண்ணில் படும். நாம் பார்க்க வேண்டியது அதையல்ல. எழுத்திலும் இலக்கத்திலும் மூன்று அடையாளங்கள் இருக்கும். ஆங்கில எழுத்து வாசிக்கக் கஷ்டமென்றால் பாடசாலை போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலாவது, தடிப்பைக் காட்டும் இலக்கம். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். இதற்கு முன்னால் எஸ்.ஏ.ஈ. என்ற எழுத்துகளும் இருக்கலாம்.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டுத் தேங்காயெண்ணெயை நினைத்துப் பாருங்கள். நுவரெலியா பக்கத்தில் மார்கழி, தை மாதத்தில் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் இளகும். அதே எண்ணெய் கொழும்பில் எந்த நேரமும் தண்ணீர் போல ஓடும். எண்ணெய் ஒன்றுதான், இடத்தின் சூடுதான் வேறு. எஞ்சின் ஒயில் அப்படி உறைவதில்லை. ஆனாலும் குளிரில் தடிப்பதும் சூட்டில் இளகுவதும் அதற்கும் உண்டு.

இலக்கத்தின் முன்பகுதி, குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. நடுவிலுள்ள டபிள்யூ என்ற எழுத்து, ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. முன்னிலக்கம் குறைந்தால் குளிரில் இலகுவாக ஓடும். பின்பகுதி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. இது 100 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது. பின்னிலக்கம் கூடினால் சூட்டில் தடிப்புக் கூட.

"நம்ம மலைக்குத் தடிச்ச ஒயில்தான் தாங்கும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது முழுவதும் சரியல்ல. சில எஞ்சின்களின் பாகங்களுக்கிடையே இடைவெளி மிகவும் சிறியது. 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால், பனி விழும் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மேல்பகுதிக்கு ஒயில் போய்ச் சேரச் சுணங்கும். அந்தச் சில வினாடிகளில்தான் தேய்மானம் கூட. பெட்ரோலும் சற்றுக் கூடச் செலவாகும். மாறாக 20டபிள்யூ-50 கேட்கும் எஞ்சினுக்கு மெல்லிய ஒயிலை ஊற்றினால், சுமையோடு ஏற்றம் ஏறும்போது சூட்டில் படலம் மெலிந்துவிடும். எனவே எஞ்சினைச் செய்த கம்பனி எதைச் சொல்லியிருக்கிறதோ அதுதான் சரி.

இரண்டாவது, தரத்தைக் காட்டும் எழுத்து. ஏ.பி.ஐ. என்று எழுதி அதற்குப் பின்னால் எஸ்.ஜி., எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என். என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்குரியது. சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்குரியது. எஸ்ஸுக்குப் பின்னால் வரும் எழுத்து ஆங்கில அரிச்சுவடியில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது புதிய தரம். கையேட்டில் எஸ்.ஜே. என்றிருந்தால் எஸ்.எல். ஊற்றலாம். எஸ்.எல். என்றிருக்கும் இடத்தில் எஸ்.ஜி.க்கு இறங்கக்கூடாது.

மூன்றாவது அடையாளம் மோட்டார் சைக்கிளுக்கு மிக முக்கியமானது. ஜாசோ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும், அதன் பக்கத்தில் எம்.ஏ., எம்.ஏ.2 அல்லது எம்.பி. என்பதும் இருக்கும். இது ஜப்பானில் வகுக்கப்பட்ட தரம். 1998ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. இது ஏன் தேவைப்பட்டது என்பதை அடுத்துச் சொல்கிறோம்.

கார் ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா?

காரில் எஞ்சினுக்கு ஓர் ஒயில், கியர் பெட்டிக்கு வேறு ஒயில். கியர் போடும் கார்களில் கிளட்ச் பொதுவாக ஒயில் படாமல் உலர்ந்தே இருக்கும். மோட்டார் சைக்கிளில் அப்படியல்ல. பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் குளித்துக்கொண்டிருக்கின்றன. நம் பக்கம் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் த்ரீவீலர்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

இக்காலத்துக் கார் ஒயில்களில் பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக வழுக்கலைக் கூட்டும் மருந்து சேர்த்திருக்கிறார்கள். காருக்கு அது நன்மை. ஆனால் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் வண்டி நகரும். அந்த ஒயிலில் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். சம ரோட்டில் ஒன்றும் தெரியாது. பின்னால் ஆளையும் வைத்து, மடியில் மூட்டையும் வைத்து, லயத்து ஏற்றத்தில் ஏறும்போதுதான் தெரியும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. அதிலேயே தொடர்ந்து ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் கருகிப்போகும்.

ஜாசோ எம்.ஏ., எம்.ஏ.2 என்றால் ஒயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று அர்த்தம். எம்.பி. என்றால் வழுக்கல் கூடியது, பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்குரியது. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரில் கிளட்ச் ஒயிலில் நனைவதில்லை, ஆகவே பிரச்சினை இல்லை. சில கம்பனிகள் தங்கள் மோட்டார் சைக்கிளுக்கே எம்.பி. சொல்லியிருப்பதும் உண்டு. அப்படிக் கையேட்டில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கையேட்டில் இல்லாமல் நாமாக எம்.பி. ஊற்றக்கூடாது.

ஸ்கூட்டர் வைத்திருக்கும் தங்கைமார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்சக்கரத்துப் பக்கத்தில் சிறிதளவு கியர் ஒயில் தனியாக உண்டு. அதைப் பலர் மறந்தே போகிறார்கள். சர்விஸுக்குப் போகும்போது அதையும் ஞாபகப்படுத்திக் கேளுங்கள்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அவற்றில் ஒயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போகும். அதற்கு 2டி என்று எழுதிய ஒயில்தான் வேண்டும். 4டி என்று எழுதியது நான்கு ஸ்ட்ரோக்குக்கு. ஒன்றை மற்றதில் பாவிக்கக்கூடாது. வேன், லொறி வைத்திருப்பவர்கள் டீசல் எஞ்சின் என்றால், சி என்று தொடங்கும் தரம் கேனில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

விலை கூடியதுதான் நல்லதா?

மினரல், செமி சிந்தெட்டிக், சிந்தெட்டிக் என்று மூன்று வகை கடையில் உண்டு. சிந்தெட்டிக் சூட்டைக் கூடத் தாங்கும், மெதுவாகப் பழுதடையும் என்பது உண்மை. விலையும் அதற்கேற்பக் கூட. ஆனால் 100 சி.சி., 125 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு, கையேட்டில் சொன்ன இலக்கமும் தரமும் உள்ள சாதாரண மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும். விலை கூடிய ஒயிலை ஊற்றிவிட்டு வருஷக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுவதை விட இதுவே எஞ்சினுக்கு நல்லது. கடன் வாங்கி சிந்தெட்டிக் ஊற்றத் தேவையில்லை.

"இத ஊத்துங்க, இதுதான் இப்ப நல்லா போகுது" என்று கடைக்காரர் சொல்லலாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் கேனைத் திருப்பி மூன்று அடையாளத்தையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால், அந்த வண்டிக் கம்பனியின் முகவரிடம் வண்டியின் பெயரையும் மொடலையும் சொல்லிக் கேட்கலாம். பல வண்டிகளில் ஒயில் மூடியிலேயே இலக்கம் பொறித்திருக்கும்.

எப்போது மாற்றுவது?

புது வண்டியில் முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். புது இரும்பு தேய்ந்து வரும் துகள்கள் அதில் இருக்கும். கம்பனி சொல்லும் முதல் சர்விஸைத் தவற விடாதீர்கள். அதன் பின் எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்பதும் கையேட்டில் உண்டு. அதில் மாதக் கணக்கும் போட்டிருந்தால், இரண்டில் எது முந்தி வருகிறதோ அதைப் பின்பற்ற வேண்டும்.

நம்மவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். கையேட்டில் உள்ள கணக்கு சாதாரண ஓட்டத்துக்கு. நம் தோட்டத்து ஓட்டம் சாதாரண ஓட்டமல்ல. முதலாம், இரண்டாம் கியரில் ஏற்றம், கூடிய சுமை, வெயில் காலத்தில் கிரவல் ரோட்டுத் தூசி, மற்றக் காலத்தில் மழையும் பனியும். அத்தோடு லயத்திலிருந்து சந்திக்கு, சந்தியிலிருந்து லயத்துக்கு என்று குறுகிய ஓட்டம். எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். அதனால் உள்ளே ஈரம் தங்கி ஒயிலோடு கலக்கிறது. ஒயில் மூடியைத் திறந்தால் பால் கலந்தது போல வெளுத்த நுரை ஒட்டியிருப்பது இதற்கு அடையாளம். இப்படிப்பட்ட கடின ஓட்டத்துக்குக் கொஞ்சம் முந்தியே மாற்றச் சொல்லிக் கையேடுகளிலும் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் ஓடும் பாதையில் வண்டி மூழ்கியிருந்தாலோ, ஒயில் முழுவதும் பால் நிறமாக இருந்தாலோ, நாள் பார்க்காமல் பாஸிடம் காட்டுங்கள்.

குறைந்ததற்கு மேலே ஊற்றுவது மாற்றுவதாகாது. பழைய கசடு உள்ளேயே கிடக்கிறது. ஒயில் மாற்றிய நாளையும் கிலோமீற்றரையும் ஒரு காகிதத்தில் எழுதி சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஒயில் ஃபில்டர் உள்ள வண்டியானால் அதையும் சொன்ன நேரத்தில் மாற்றவோ கழுவவோ வேண்டும்.

ஒயில் மட்டம் பார்க்கும் முறை

வாரம் ஒரு தடவை, சம்பளமில்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து நிமிஷம் போதும். வண்டி சமதரையில் நேராக நிற்க வேண்டும். லயத்து வாசல் பெரும்பாலும் சரிவு. பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தாலும் கணக்குப் பிழைக்கும். பெரட்டுக் களத்துக்கோ கோயில் முன்றலுக்கோ கொண்டுபோய் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள். பிறகு ஒயில் மூடியோடு வரும் அளவுகோலைத் துடைத்து, திரும்பவும் விட்டு எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் முறுக்காமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. கீழ் கோட்டுக்கு இறங்கியிருந்தால் அதே வகை ஒயிலை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதிதான்.

ரோட்டில் அவசரமென்றால், அதே இலக்கமும் அதே தரமும் உள்ள வேறு கம்பனி ஒயிலைக் கொஞ்சம் சேர்க்கலாம். ஒயில் இல்லாமல் ஓட்டுவதை விட அது எவ்வளவோ மேல். அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது அல்லது எரிகிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் எரிகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

போலி ஒயிலில் ஏமாற வேண்டாம்

பாவித்த ஒயிலை வடிகட்டி, பழைய கேனில் அடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே உதிரியாக அளந்து ஊற்றும் ஒயிலை வாங்காதீர்கள். சீல் உடையாத கேனை, தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். கராஜில் மாற்றும்போது உங்கள் கண் முன்னாலேயே கேனைத் திறக்கச் சொல்லுங்கள். வெறும் கேனை ஓட்டை போட்டுவிட்டுக் கழித்தால், வேறொருவர் அதில் போலி அடைக்க முடியாது. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அதற்குப் பில் கையில் இருப்பது நல்லது.

பழைய ஒயிலை என்ன செய்வது?

இதைத் தாய்மார்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். கழற்றிய ஒயிலைக் கானுக்குள் ஊற்றுவது, ஈர விறகுக்கு ஊற்றி அடுப்பு மூட்டுவது, மாட்டுப் புண்ணுக்குத் தடவுவது எல்லாம் நாம் கண்ணால் கண்டவை. எரிந்த ஒயிலில் உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. அந்தப் புகை காம்பராவுக்குள் நின்றால் பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. நெடுங்காலம் தோலில் பட்டு வந்தால் தோல் புற்றுநோய்க்கும் இடமுண்டு. மாற்றிய கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

கானில் ஊற்றியது எங்கே போகிறது? கீழ் லயத்துப் பீலிக்கும் ஓடைக்கும் போகிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து ஓடைகள் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீராகிறது. நாம் மேலே இருப்பவர்கள். நம் கைதான் முதலில் சுத்தமாக இருக்க வேண்டும். பழைய ஒயிலை ஒரு கேனில் மூடி வைத்து, பழைய ஒயில் சேர்க்கும் சர்விஸ் ஸ்டேஷனிலோ கராஜிலோ கொடுத்துவிடுங்கள். ஒயில் கேனைக் கழுவித் தண்ணீருக்கோ சமையல் எண்ணெய்க்கோ பாவிக்கவே கூடாது.

முடிவாக

ஒரு கேன் ஒயிலுக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேலேயும் போகலாம். சம்பளக் கிழமையில் அது பெரிய காசாகத் தெரியும் என்பதை நாம் அறியாமல் இல்லை. ஆனால் எஞ்சின் பிடித்துவிட்டால் போவது ஒரு நாள் சம்பளமல்ல, ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. விலை கூடியதையோ தடிப்பானதையோ தேட வேண்டாம். கையேட்டில் சொன்ன இலக்கம், சொன்ன தரம், சொன்ன ஜாசோ அடையாளம் இவை மூன்றும் பொருந்தினால் அதுவே உங்கள் வண்டிக்கு நல்ல ஒயில்.

சம்பவத்தில் சொன்ன தம்பி இப்போது ஞாயிறு தோறும் பெரட்டுக் களத்தில் வண்டியை நிறுத்தி அளவுகோலைப் பார்க்கிறார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வருகிறார்கள். அன்று லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் தாய், கிளினிக்குக்கு மறுபடியும் அவருடைய வண்டியில்தான் போய் வருகிறார். உங்கள் டிவிஷனிலும் இந்தப் பழக்கம் தொடங்கட்டும். சந்தேகம் இருந்தால் கேனைக் கையோடு எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.